பச்சைச் சீலைக்காரிக்கு ஒரு பிடி அரிசி

செங்கோடனுக்கு ஆற்றைக் கண்டால் பயம். பரிசல் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு ஆற்றைக் கண்டு பயமா என்று ஊரே சிரித்தது. அவன் கோபித்துக்கொண்டதில்லை. சிரிக்கிறவர்கள் கரையில் நின்று சிரிக்கிறார்கள், நாமல்லவா தண்ணீர் மேல் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்வான்.

அவன் பிறந்தது சங்ககிரி மலையடிவாரத்தில். அங்கே ஆடு மேய்த்து வளர்ந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் கிணற்றுத் தண்ணீரும், மழை பெய்தால் பாறைக் குழியில் தேங்குகிற தண்ணீரும்தான். குஞ்சம்மாளைக் கட்டிக்கொண்டு அவள் ஊரான வெள்ளக்கல் துறைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த பிறகுதான் காவிரியைப் பக்கத்தில் நின்று பார்த்தான். இக்கரையில் நாமக்கல் பக்கத்துச் சனம், அக்கரையில் கொடுமுடிக் கோவில், நடுவில் பரிசல். மாமனார் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக அதுதான் பிழைப்பு. மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பரிசல் மச்சான் கருப்பண்ணனுக்கும் இன்னொன்று செங்கோடனுக்கும் வந்தது. நீச்சல் தெரியாத பரிசல்காரனை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று குஞ்சம்மாள்தான் அவன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஆற்றில் தள்ளிவிட்டு நீந்தக் கற்றுக்கொடுத்தாள். கட்டின பெண்டாட்டி புருஷனை ஆற்றில் தள்ளுகிற வேடிக்கையைப் பார்க்க அன்று வயலில் ஒருவரும் வேலை செய்யவில்லை.

நீந்தத்தான் கற்றுக்கொண்டான். பயம் போகவில்லை. அதனால் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்கள் பாதி மறந்துபோன ஆற்று விதிகளையெல்லாம் வந்தவன் ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டான்.

பரிசலில் சீழ்க்கை அடிக்கக்கூடாது, அடித்தால் காற்று எழும்பும் என்பார்கள். மேட்டூரில் மதகைத் திறந்து தண்ணீர் ஏறுகிறது என்றால் ஒரு துறைக்காரன் அடுத்த துறைக்காரனுக்குச் சீழ்க்கையில்தான் சேதி சொல்வான். வெட்டிப் பயல் ஒருவன் சும்மா அடித்துவைத்தால் கரை முழுக்கக் கலங்கிப்போகும். விதி வந்த வழி அதுதான். ஆனால் சேதி மறந்துபோய்க் காற்று மட்டும் மிஞ்சிவிட்டது. ஆற்றின் நடுவில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, ஆறு அந்தப் பேரைத் தெரிந்துகொண்டு பிறகு தானே கூப்பிடும் என்பார்கள். பரிசல் வட்டமான சாமான். மூங்கிலில் பின்னி, எருமைத் தோல் போர்த்தி, பின்னாட்களில் சாக்கு ஒட்டித் தார் பூசினது. ஒருவன் பேரைக் கேட்டுச் சட்டென்று திரும்பினால் அவனோடு சேர்ந்து அதுவும் திரும்பும். வெயிலில் காயப் போடும்போதுகூடப் பரிசலைக் கவிழ்த்தேன் என்று சொல்லக்கூடாது, படுக்க வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இதற்கு மட்டும் யாரும் காரணம் சொன்னதில்லை. பயந்தவன் வாயைக் கட்டிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் பெரிய விதி ஒன்று இருந்தது. பரிசலில் ஏறினவர்களின் தலையை எண்ணக்கூடாது. தலையை எண்ணினால் ஆறும் கூடவே எண்ணும். எண்ணிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். துறையில் இருந்த ஆலமரத்தில் சர்க்கார் ஒரு தகரப் பலகை அடித்திருந்தது, பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று. அக்கரையிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. அந்தப் பலகையைப் பார்ப்பதுகூடச் செங்கோடனுக்கு ஆகாது. சனம் ஏறும்போது முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நிற்பான். பரிசல் அமுங்குவது காலில் தெரியும். போதும் என்று கால் சொன்னதும் தள்ளிவிடுவான். இட்லியைக்கூட எண்ணாமல் எடுத்துவைக்காத குஞ்சம்மாளுக்கு இந்தக் கூத்தைக் கண்டால் சிரிப்பு வரும். பயந்தாங்கொள்ளிக்கு வாக்கப்பட்டது என் தலையெழுத்து என்பாள். சொல்லிவிட்டு அவன் துடுப்புக்குத் திருநீறும் பூசுவாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடிப் பதினெட்டு வந்தது. ஆற்றில் கரை கொள்ளாத தண்ணீர். கொடுமுடிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்த கூட்டம் பொழுது சாயும் நேரத்தில் அக்கரைத் துறையில் முட்டி மோதிக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் இருட்டுவதற்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும். கருப்பண்ணன் கரையில் நின்று சனத்தை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தான். ஒருத்தி இறங்குகிறாள், இருவர் ஏறுகிறார்கள், குழந்தை அழுகிறது, யாரோ ஒருவருடைய செருப்பு விழுந்துவிட்டது என்று ஒரே களேபரம். செங்கோடன் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அன்றைக்குக் கால் போதும் என்று சொன்ன பிறகும் சனம் ஏறியது. ஏறினவர்களை இறக்க அவனுக்கு வாய் வரவில்லை. தள்ளிவிட்டான்.

ஆறு பாதிக்கு மேல் நல்லபடியாகத்தான் தாண்டியது. இக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றுக்குள்ளேயே ஒரு வெள்ளைப் பாறை உண்டு. துறைக்குப் பேர் கொடுத்த கல் அதுதான். அதைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும். பரிசல் அதை ஒட்டி வந்த சமயத்தில், கரையில் காத்திருந்த ஒரு தாய் தன் மகனைக் கண்டுவிட்டு ஆசையாக, "தங்கமுத்தூ" என்று கூப்பிட்டாள். பையன் எழுந்து நின்றான். அவனோடு சேர்ந்து பரிசலும் திரும்பியது. ஒரு பக்கம் அமுங்கித் தண்ணீர் மொண்டுகொண்டது. அடுத்த நொடியில் செங்கோடன் வாயால் சொல்லக்கூடாத அந்தக் காரியம் நடந்துவிட்டது.

மார்பளவுத் தண்ணீர்தான். ஆனால் இழுப்பு இருந்தது. கரையில் நின்ற ஆண்கள் வேட்டிகளை முடிந்து கை கோத்துக்கொண்டு இறங்கினார்கள். செங்கோடன் குழந்தைகளைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தான். எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள் என்று அவனுக்குத் தெரியாது. கைக்கு அகப்பட்ட முடியை, கையை, சீலையைப் பிடித்து இழுத்தான். கடைசியில் தண்ணீரில் யாரும் இல்லை. எல்லோரும் கரையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தா காப்பாற்றினாள் என்று ஒரு கிழவி மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். செங்கோடனுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

துண்டைப் பிழிந்துகொண்டிருந்த சென்னிமலைக் கவுண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். வயசானவர், மெதுவாகப் பேசுகிறவர்.

"ஏஞ்செங்கோடா, என்ற கூட ஒரு பச்சச் சீலக்காரி ஏறுனாளே. அந்தப் புள்ளயக் காணமே?"

ஆமாம், நானும் பார்த்தேன், கையில் சோற்றுத் தூக்குப்போசி வைத்திருந்தாள் என்றாள் ஒருத்தி. அப்படி யாரும் இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். ஏறினாள் என்று பாதிப் பேர், ஏறவில்லை என்று பாதிப் பேர். எத்தனை பேர் ஏறினீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். எல்லோரும் செங்கோடனைப் பார்த்தார்கள். அவனுக்கு என்ன தெரியும்? அவன்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றானே.

பரிசலை நிமிர்த்தியபோது விளிம்புக்கு அடியில் மூங்கில் சட்டத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தூக்குப்போசி இருந்தது. யாருடையது என்று தூக்கிக் காட்டினார்கள். ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து விசாரித்தார். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எண்ணுகிற வழக்கம் இல்லீங்க சாமி என்றான் செங்கோடன். ஆளைக் காணோம் என்று எந்த ஊரிலிருந்தும் யாரும் வந்து சொல்லவில்லை என்பதால் அவர் தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். சர்க்காருக்கு அத்தோடு தீர்ந்தது. செங்கோடனுக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது.

போசியை அவன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். இறுக்கமான மூடி, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. புளிச்சோறும், மேலே வாழையிலைத் துண்டில் பொட்டலம் கட்டின எள்ளுருண்டையும் இருந்தன. வீட்டில் யாருக்கோ ஆசையாய் எடுத்துப்போன எள்ளுருண்டை என்று பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பக்கத்தில் எந்த வீட்டுப் பாத்திரம் என்றாலும் பேர் வெட்டியிருக்கும். இந்தப் போசியில் பேரில்லை. பேரில்லாத போசி, ஊர் தெரியாத பெண், எண்ணாத பரிசல். அந்தச் சோற்றை யாருக்காகவோ கட்டிக்கொண்டு போனவள் ஆற்றுக்குள் கிடக்கிறாள். அவளைத் தேட நாதியில்லை. கொன்றது நான்தான் என்று குஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு கீழே பரமத்தி வேலூரிலோ மோகனூரிலோ ஒரு பிணம் ஒதுங்கியது என்று காதில் விழுந்தால் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடுவான். ஒவ்வொரு தடவையும் அது வேறு யாராகவோ இருக்கும். நிம்மதியாகத் திரும்பி வருவான். பாதி வழியில், அப்படியானால் அவள் இன்னும் ஆற்றில்தான் இருக்கிறாள் என்ற நினைப்பு வந்துவிடும். வெள்ளைப் பாறையை ஒட்டிப் போகும்போது தண்ணீருக்குள் பாசி அசைந்தால் பச்சைச் சீலை. ஆள் ஏறாமல் வெறும் பரிசலாகத் திரும்பும்போது அது எதற்காகவோ ஒரு பக்கம் அமுங்கின மாதிரி இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள். செங்கோடனுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

அவன் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் கருப்பண்ணன் ஒரு நாள் அவனை ஆலமரத்தடிக்குக் கூட்டிப்போய் ஆறுதல் சொன்னான்.

"அட போ மாப்ள. எண்ணப்படாதுங்கறது என்ற பாட்டன் கட்டிவுட்ட கதை. பத்துப் பேருக்கு மேல ஏத்தாதேன்னு வெள்ளக்கார ஆபீசரு சட்டம் போட்டான். எத்தன பேருடா ஏத்துனேன்னு கேட்டதுக்கு, எண்ணுனா ஆத்தா கோவிச்சுக்குவாங்க சாமின்னு சொல்லிப்போட்டாரு எங்க பாட்டன். ஆபீசரும் பயந்துட்டுப் போயிட்டான்."

சொல்லிவிட்டுக் கருப்பண்ணன் சிரித்தான். செங்கோடனுக்கு முகம் செத்துப்போனது. விதியை மதித்தும் இப்படி ஆகிவிட்டதே என்ற எண்ணமாவது இதுவரை ஒரு ஊன்றுகோலாக இருந்தது. விதியே பொய் என்றால் அவன் எண்ணியிருக்கலாம். எண்ணியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், தேடியிருக்கலாம், காப்பாற்றிக்கூட இருக்கலாம். பாட்டன் சொன்ன சாக்கு பேரன் காலத்தில் சாமியாகிவிட்டது. அந்தச் சாமிக்கு ஒருத்தியைப் பலி கொடுத்தவன் நான் என்று நினைத்துக்கொண்டான். ஆனாலும் எண்ணத் துணிந்தானா என்றால் இல்லை. பொய் என்று தெரிந்த பிறகும் பயம் தன் பாட்டுக்கு இருந்தது.

செத்தவளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட ஆளில்லையே என்பது அவனை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு காலையில் குஞ்சம்மாளின் அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடியை மடியில் கட்டிக்கொண்டு போய், வெள்ளைப் பாறையைத் தாண்டும்போது யாருக்கும் தெரியாமல் தண்ணீரில் போட்டான். மறுநாளும் போட்டான். பரிசலில் இருந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பரிசல்காரனே போடுகிறான் என்றால் காரணம் இருக்கும். அடுத்த முறை வரும்போது முந்தியில் அரிசி முடிந்துகொண்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. இரண்டு மூன்று வருஷத்துக்குள் வெள்ளக்கல்லைத் தாண்டுகிற எந்தப் பெண்ணும் அரிசி போடாமல் தாண்டுவதில்லை என்று ஆகிவிட்டது. பச்சைச் சீலை கட்டினவர்கள் அந்தத் துறையில் ஏறுவதில்லை. கல்யாணமாகி வந்த ஒரு புதுப்பெண் பச்சைப் பட்டோடு வந்துவிட, மாமியார்க்காரி அவளைக் கரையிலேயே நிறுத்தி மாப்பிள்ளையின் துண்டைப் போர்த்திக் கூட்டிப்போனாள். வெளியூர்க்காரர்கள் கேட்டால், பச்சைச் சீலைக்காரி ஆத்தாவுக்குப் போடுகிறோம், இது ராசா காலத்து வழக்கம் என்று பதில் வரும். துடுப்புப் போட்டுக்கொண்டே செங்கோடன் கேட்டுக்கொண்டிருப்பான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

எண்பத்தாறில் ஒரு வைகாசி மாதத்துக் காலையில் கொடுமுடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் இக்கரையில் வந்து ஏறியது. அதில் கமலவேணி என்று நடுவயசுப் பெண் ஒருத்தி. சேந்தமங்கலத்துக்காரி, கொல்லிமலையடிவாரத்துச் சனத்துக்கு ஆற்றுச் சேதி எதுவும் போய் எட்டுவதில்லை. மணப்பெண்ணின் பெரியம்மா என்று கூட வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பரிசல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் பாறை வந்ததும் பக்கத்திலிருந்தவள் அவள் கையில் கொஞ்சம் அரிசியைத் திணித்தாள். கமலவேணி அதை ஆற்றில் போட்டு, பச்சைச் சீலைக்காரி ஆத்தா, பத்திரமாய்க் கொண்டுசேர்த்துடு என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள்.

அக்கரையில் எல்லோரும் இறங்கிக் கோவில் பக்கம் நடந்தார்கள். அவள் மட்டும் கால் நடுக்கம் தீரட்டும் என்று மணலில் நின்றாள். அந்த ஆத்தா யாருங்கண்ணா என்று செங்கோடனைக் கேட்டாள். தண்ணீர் மேல் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். கரை என்பதாலும், இவளும் தன்னைப்போலப் பயந்த பிறவி என்று தெரிந்ததாலும் சொன்னான். தலையை எண்ணக்கூடாது என்ற விதியைச் சொன்னான், ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தைச் சொன்னான், பரிசல் போன கதியைச் சொன்னான், பேர் வெட்டாத ஒரு போசி மட்டும் மிஞ்சியதைச் சொன்னான். கேட்கக் கேட்கக் கமலவேணியின் முகம் மாறிக்கொண்டு வந்தது.

"அந்தப் போசிக்குப் பிடிய செப்புக் கம்பில கட்டியிருக்குமுங்களா?"

அவன் தலையை ஆட்டினான்.

"உள்ள புளிச்சோறும் எள்ளுருண்டையும் இருந்துச்சுங்களா?"

எள்ளுருண்டைச் சேதி அவனையும் குஞ்சம்மாளையும் தவிர யாருக்கும் தெரியாது. செங்கோடனுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, கோவில் பக்கத்தில் மேளச் சத்தம் கேட்கிறது. இருந்தும் அவன் கண் தானாக அவள் காலுக்குப் போயிற்று. கால் இருந்தது. வெடித்த பாதம், மெட்டி, விரலிடுக்கில் மணல். அவன் கையிலிருந்த துடுப்பு நழுவி விழுந்தது.

"நாந்தானுங்க அது," என்றாள். "ஏறி உக்கோந்தேன். சும்மா இருக்க மாட்டாம எண்ணிப் பாத்தேன். பலகைல பத்துன்னு போட்டிருக்குது, எண்ண எண்ண மேல போயிட்டே இருந்துச்சுங்க. பயந்துட்டு எறங்கிட்டேன். போசி உள்ளயே நின்னுபோச்சு."

அன்றிரவு இங்கேயே தங்கை வீட்டில் தங்கி, மறுநாள் பஸ் பிடித்துப் பரமத்தி வேலூர்ப் பாலத்தைச் சுற்றி ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறாள். அதற்கப்புறம் ஆற்றுப் பக்கமே வரவில்லை. அந்தப் பச்சைச் சீலை என்ன ஆனது என்று செங்கோடன் கேட்டான். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியாது. கிழிந்துபோய்த் தலையணை உறையாகிவிட்டது என்றாள். இத்தனை வருஷமாக எந்தச் சீலையைக் கண்டு அவனுக்குக் குலை நடுங்கியதோ அதன் மேல் தலை வைத்துச் சேந்தமங்கலத்தில் யாரோ நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். செங்கோடன் மணலில் உட்கார்ந்து, சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாதபடிக்குக் குலுங்கினான். தன் கையால் ஒருத்தியும் சாகவில்லை. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த கல் உருண்டு போன மாதிரி இருந்தது.

ஆனால் அந்தக் கல் அவளிடம்தான் போயிற்று. கமலவேணி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்துவிட்டது.

"அப்ப இந்த ஆறு பூராவும் எனக்குத்தான் வாய்க்கரிசி போட்டிருக்குதுங்களா?" என்றாள். "இன்னைக்கு என்ற கைலயே நானும் போட்டுட்டேனே."

அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அது தெரியாமல் செய்தது, சாமிக்குப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மணி என்றான். பயத்தைப் போக்கிப் பழக்கமில்லாதவன் சொன்ன ஆறுதல் எப்படி எடுபடும்? அவள் கேட்காமலே நடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து குஞ்சம்மாளிடம் சொன்னான். அவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். அரிசியை முதலில் போட்டது நீங்கள்தானே மாமா, அந்தப் புள்ளையைச் செத்தவளாக்கினதும் நீங்கள்தான், நீங்களே கூட்டிக்கொண்டு வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டாள். பிறகு பரணிலிருந்து போசியை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். அதைத் தொடக்கூடாது என்று செங்கோடன் போட்டிருந்த தடை அன்றோடு போயிற்று.

மறுநாள் கல்யாணக் கூட்டம் திரும்பியது. எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு பரிசலில் ஏற, கமலவேணி மட்டும் தள்ளி நின்றாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் இறங்கின அதே இடம். நேற்றிரவு தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று செங்கோடன் எதிர்பார்த்தான். போகட்டும், அதுவும் நல்லதுதான் என்று அவன் மனசில் ஒரு மூலை ஆசைப்பட்டது.

"பஸ்ஸுல போயிரலாமுங்கண்ணா. போனா இந்த ஆத்துக்கு நாஞ்செத்தவளாவே இருப்பேன்," என்றாள். "தலைய எண்ணுங்க. நானும் ஒரு ஆளுன்னு அதுக்குத் தெரியட்டும். எண்ணுனா ஏர்றேன்."

பரிசலில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். அடுத்த பரிசலில் இருந்த கருப்பண்ணனுக்குக் காதில் விழுந்துவிட்டது. உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா மாப்பிள்ளை, வேண்டாம் என்று அங்கிருந்தே சத்தம் போட்டான். எண்ணக்கூடாது என்பதெல்லாம் என் பாட்டன் கட்டின கதை என்று சொன்னவன்தான்.

செங்கோடன் ஆற்றைப் பார்த்தான். எண்ணினால் ஆறும் எண்ணும். எண்ணாமல் விட்டதால் அவன் பட்டது போதாதா? ஆனால் எண்ணிவிட்டு ஒன்று குறைந்தால்? இந்தப் பெண்ணே குறைந்தால்? அவன் வாழ்நாளில் முதல்முறையாகச் சனம் ஏறிய பரிசலுக்கு முகத்தைக் காட்டித் திரும்பி நின்றான். எல்லா முகமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேரையா நாம் தினமும் பாராமல் கொண்டுபோய்க் கொண்டிருந்தோம் என்று அவனுக்குப் பகீரென்றது. விரலை நீட்டினான். கரையில் நின்றவளைக் காட்டினான்.

"ஒண்ணு," என்றான்.

கமலவேணி ஏறினாள். அடுத்தடுத்த தலையாக அவன் எண்ண எண்ண, சனம் அரிவாளுக்குக் கழுத்தை நீட்டினாற்போல உட்கார்ந்திருந்தது. விரல் தன் பக்கம் வருவதற்குள் ஒருத்தர் எழுந்து, நான் அப்புறம் வருகிறேன் என்று இறங்கிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பத்து என்று சொன்னபோது விரல் நின்றது. மிச்சம் இருந்த ஒருவரை அவனே கையைக் காட்டி இறங்கச் சொன்னான். உங்களை எண்ணவில்லையே அண்ணா என்றாள் கமலவேணி. அவன் தன் நெஞ்சில் கை வைத்துப் பதினொன்று என்றான். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

பரிசல் லேசாக, அவன் காலுக்குப் புதுசான ஒரு துள்ளலோடு போனது. அந்த லேசே அவனுக்குப் பயமாக இருந்தது. வெள்ளைப் பாறை நெருங்கியது. பெண்கள் பழக்கத்தில் முந்தியை அவிழ்த்து அரிசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகுதான், யாருக்கு என்று நினைவு வந்தது. விஷயம் நேற்றே கல்யாண வீடு முழுக்கப் பரவியிருந்தது. போடவும் முடியவில்லை, முடிந்து வைக்கவும் முடியவில்லை. மூடின கையோடு கமலவேணியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். பக்கத்திலிருந்த கிழவியின் கையை விரித்து அந்த அரிசியை வாங்கினாள். பாறையைப் பார்த்தாள். பிறகு அத்தனையையும் தன் வாயில் போட்டுக்கொண்டு நறநறவென்று மென்றாள். ஆற்றுச் சத்தத்தை மீறி அந்தச் சத்தம் கேட்டது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய மென்று விழுங்கினாள். செத்தவள் வாயில் போட்ட அரிசி அப்படியே கிடக்கும். அதை மென்று தின்னச் செத்தவளால் ஆகாது. அது பரிசலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இக்கரையில் இறங்கும்போது யாரும் கேட்காமலே செங்கோடன் மறுபடி எண்ணினான். ஒன்றும் குறையவில்லை. கரையில் குஞ்சம்மாள் பளபளவென்று தேய்த்த போசியோடு நின்றிருந்தாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று உள்ளே எள்ளுருண்டை பிடித்து வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வெள்ளக்கல் துறையில் தலையை எண்ணாமல் பரிசல் எடுத்ததில்லை. அதுவும் பெண்பிள்ளை ஒருத்தியில் தொடங்கித்தான் எண்ண வேண்டும். பாறையைத் தாண்டும்போது யாரும் ஆற்றில் அரிசி போடுவதும் இல்லை. ஆளுக்கொரு சிட்டிகை வாயில் போட்டு மெல்லுகிறார்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கோவிலுக்கு வந்த ஒரு வெளியூர்க்காரர் இது எதற்கு என்று விசாரித்தார். ராசா காலத்து வழக்கமுங்க, மெல்லாதவங்களை ஆறு விடாது என்று ஒருத்தி விளக்கினாள். வெளியூர்க்காரர் சிரித்துவிட்டு, நிஜமா பெரியவரே என்று பரிசல்காரனைக் கேட்டார். செங்கோடன் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அவன் கடைவாயிலும் அரிசி இருந்தது.